பத்து மணிக்குள் விற்க வேண்டிய சரக்கு

காட்டுக்காளான் விற்பதற்குக் கடை வேண்டாம், போர்டு வேண்டாம். ஒரு பனையோலைப் பெட்டி, ஒரு தராசு, வாங்குகிறவர்களுக்குப் பழகிய முகம், இவ்வளவு போதும். விடியும்போது எடுத்த சரக்கைக் காலை பத்து மணிக்குள் விற்றுவிட வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு விரியும், மடிப்புகளுக்குள் புழு வைக்கும், மதியத்துக்கு மேல் நீர் விட்டு நாறும். இந்த அவசரம் தொழிலுக்குத் தொல்லைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் புற்றுக்காளான் இன்னும் முளைக்கிறது என்றால், அதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

நான் இருப்பது காந்திகிராமத்துக்கும் சின்னாளப்பட்டிக்கும் நடுவில். சின்னாளப்பட்டிப் பெண்கள் பலரையும் போல நானும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக் கூலி வாங்கியவள். அடைமழைக் காலத்தில் சாயம் ஏற்றிய துணி காயாது, முடிச்சு வேலையும் குறையும். அந்த மாதங்களில் கைக்கு வந்த வருமானம் காளான். ஆவணி, புரட்டாசியில் இடியோடு வரும் சாயங்கால மழையில் தொடங்கி, ஐப்பசி தாண்டி கார்த்திகை முற்பாதி வரை ஓடும். சித்திரை, வைகாசியில் நல்ல கோடை மழை கிடைத்தால் நடுவில் ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கும்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தார் ஷீடேக் காளான் வளரும் மரக்கட்டைகளில் உயர் மின்னழுத்தத் துடிப்பைச் செலுத்தி, விளைச்சல் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். எங்கள் புற்றுக்கும் அது பொருந்துமா என்பது வேறு கதை. எனக்கு இடியைவிட மண்ணின் ஈரம் முக்கியம். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையைவிட, இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுப் பெய்து மண் குளிர்ந்தால்தான் பெட்டியை எடுப்பேன்.

தொழிலை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர். எந்தத் தோப்பில் எந்தப் புற்று உயிரோடு இருக்கிறது, எதில் கரையான் போய்ப் பாம்பு குடியேறிவிட்டது என்பது, தினமும் அந்த மண்ணில் நடக்கிறவருக்குத்தான் தெரியும். "புத்து ஒரு தடவ குடுத்துச்சுன்னா அடுத்த வருசமும் அதே பக்கம் குடுக்கும்த்தா, நீ எடத்த மறக்காத" என்பார். அதனால் வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தாள்களைக் கிழித்துப் போடாமல், முளைத்த நாளன்று இடத்தைக் குறித்துச் சேர்த்து வைக்கிறேன். அந்தத் தாள்கள்தான் என் முதலீடு.

சிறுமலை கண்ணுக்கு எதிரே இருக்கிறது. அங்கே இதைவிட நிறையக் கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் காப்புக்காடு, அனுமதியில்லாமல் உள்ளே போய் எதையும் எடுக்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடியினருக்கும், தலைமுறைகளாகக் காட்டைச் சார்ந்து வாழ்கிறவர்களுக்கும் கொடுத்திருக்கிறது. அடிவாரத்தில் சேலைக்கு முடிச்சுப் போட்டவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள். நான் எடுப்பதெல்லாம் பட்டா நிலத்தில்: புளியந்தோப்பு, மாந்தோப்பு, உழாமல் கிடக்கும் தரிசு, வேலியோரம். நிலத்துக்காரர்களிடம் பருவத்துக்கு முன்பே கேட்டு வைத்துவிடுவேன். பணம் வாங்குகிறவர்கள் குறைவு. முதல் எடுப்பில் ஒரு குழம்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். அதற்குப் பதிலாக நான் கேட்பது ஒன்றே ஒன்று, புற்றுக்கு மருந்து ஊற்றினால் எனக்குச் சொல்லிவிட வேண்டும்.

அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் புற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். புற்றுக்காளான் தானாக முளைப்பதில்லை. கரையான் அதைப் பயிர் செய்கிறது. வேலைக்காரக் கரையான்கள் காய்ந்த சருகு, புல், மரத்தூள் எல்லாவற்றையும் தின்று, பாதி செரித்த எச்சத்தைப் புற்றுக்குள் அடையடையாக அடுக்குகின்றன. கடற்பஞ்சு மாதிரி துளைதுளையாக இருக்கும் அந்த அடையில் பூசணம் படர்கிறது. கரையானால் செரிக்க முடியாததை அது செரித்துக் கொடுக்கிறது, கரையான் பூசணத்தையும் பழைய அடையையும் தின்கிறது. இந்தக் கூட்டு விவசாயம் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தப் பூசணம் அடையிலிருந்து நீண்ட வேர் போன்ற தண்டை மேலே அனுப்பி, மண்ணைக் கூர்மூக்கால் குத்திக்கொண்டு குடை விரிக்கிறது. நாம் சமைப்பது அந்தக் குடையை. விஞ்ஞானிகள் இந்த இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் கிடைக்கும் ஒரு வகைக்கு, இந்த இனத்தை முதலில் வகுத்த பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஹைமின் பெயரைச் சூட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். ஆண்டு 1979.

அரிசிக்காளான் இதன் சின்னத் தங்கை. கரையான்கள் பழைய அடையைத் துகள் துகளாக வெளியே கொண்டுவந்து கொட்டும்போது, அந்தத் துகள்களிலேயே அது முளைக்கும். அதனால் அதற்கு நீண்ட வேர் இல்லை. ஒரு பாய் அகலத்துக்கு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். எடுப்பதற்குப் பொறுமை வேண்டும், ஆய்ந்து மண் நீக்குவதற்கு அதைவிடப் பொறுமை வேண்டும்.

எடுக்கும் முறையில்தான் அடுத்த வருஷம் இருக்கிறது. மண்வெட்டியும் கடப்பாரையும் புற்றுப் பக்கம் வரவே கூடாது. தண்டின் அடியைப் பிடித்து, மெல்லத் திருகி இழுத்தால் வருகிற அளவுக்கு வரும். வேர் எங்கே அறுகிறதோ அங்கே விட்டுவிட வேண்டும். அடியில் ஒரு சாண் மிச்சம் இருக்கிறதே என்று தோண்டினால் அடை உடையும், உள்ளே ஈரமும் சூடும் மாறும். எடுத்த குழியை அதே மண்ணால் மூடி, சருகை மேலே இழுத்துவிடுவேன். கரையானுக்குச் சருகும் தீனி என்பதால் தோப்பில் குப்பை கொளுத்த வேண்டாம் என்றும் நிலத்துக்காரர்களிடம் சொல்வதுண்டு. பாதிப் பேர் கேட்பார்கள்.

முழுதாக விரிந்த குடையை நான் தொடுவதில்லை. விலையும் அதற்குக் குறைவு, ஆனால் காரணம் வேறு. முதல் மழைக்கு ஈசல் பறக்கும், ஜோடி சேர்ந்து சிறகை உதிர்த்து மண்ணுக்குள் போகும். புதுக் குடும்பத்தின் முதல் வேலைக்காரக் கரையான்கள் வெளியே வருவதற்குச் சில மாதங்கள் ஆகும். நம்மூர் மண்ணில் புற்று வைக்கும் கரையான் வகைகள் பெரும்பாலும் பூசணத்தைத் தாய்ப்புற்றிலிருந்து சீதனமாகக் கொண்டுபோவதில்லை. விரிந்த குடைகள் உதிர்த்த ஸ்போர் தூளைச் சருகோடு சேர்த்துப் பொறுக்கித்தான் தங்கள் தோட்டத்தைத் தொடங்குகின்றன. குடை முழுவதையும் மொட்டிலேயே பறித்துவிட்டால் புதுப் புற்றுக்கு விதை எங்கிருந்து வரும்? பெரியவருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. "விரிஞ்சது சாமிக்கு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். கணக்கு ஒன்றுதான்.

சுவிட்சர்லாந்தில் 1975 முதல் 2003 வரை ஒரு காட்டுப் பகுதியில் காளான் பறிப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். பிடுங்கினாலும் அறுத்தாலும் பின்னாளைய விளைச்சல் குறையவில்லை. பறிக்க வந்தவர்கள் மிதித்த இடத்தில் குடைகளின் எண்ணிக்கை குறைந்தது. அது வேறு மண், வேறு வகைக் காளான், கரையான் சம்பந்தம் இல்லாதது. ஆனாலும் காலைப் பற்றிய பாடம் எல்லா மண்ணுக்கும் பொருந்தும். ஒரு புற்றுக்கு ஒரே தடம் வைத்துப் போய் வருவேன், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதில்லை.

நிலத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வேலை. காளான் மண்ணில் இருக்கும் உலோகத்தையும் மருந்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெள்ளோடு பக்கம் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள், மயில்துத்தம் என்றால் செம்பு. அந்த வேலியோரத்தில் எவ்வளவு அழகாக முளைத்தாலும் எடுக்கமாட்டேன். திண்டுக்கல்லைச் சுற்றித் தோல்ஷாப் கழிவுநீர் பாய்ந்த நிலங்கள் இருக்கின்றன. அந்தத் திசைக்கே போவதில்லை. நாலுவழிச் சாலையின் ஓரமும் வேண்டாம். தென்னங்கன்றைக் கரையான் அரிக்கிறது என்று புற்றில் குளோர்பைரிபாஸ் ஊற்றியிருந்தால் அந்தப் புற்றின் பெயரை என் காலண்டர் தாளிலிருந்து அடித்துவிடுவேன். மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, பால் ஊற்றும் நாகம்மன் புற்றிலும் கை வைப்பதில்லை. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லோரும் தோண்டினாலும் அந்தப் புற்றை யாரும் தோண்டமாட்டார்கள். சுற்றுவட்டாரத்துக்கு ஸ்போர் கொடுக்க அப்படி ஒரு புற்று இருக்கட்டுமே.

இனி விஷத்தின் கதை. நான் விற்பது புற்றுக்காளான், அரிசிக்காளான் இரண்டு மட்டும். வைக்கோல் போரில் முளைக்கும் வைக்கோல் காளான் ருசியானது, ஆனால் அது முட்டை உறையிலிருந்து வெளிவரும் ஜாதி. உயிரைக் குடிக்கும் அமானிட்டா வகைகளுக்கும் அடியில் அதே மாதிரி உறை உண்டு. மொட்டாக இருக்கும்போது இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது. ஆகவே அதை விற்பதில்லை. புல்தரையிலும் எருக்குழி ஓரத்திலும் பெரிய வெள்ளைக் குடையாக முளைக்கும் இன்னொன்று உண்டு. இளசில் அடிமடிப்பு வெள்ளை, முற்றினால் பச்சை பாயும். தின்ற மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிப் போடும். சந்தேகம் வந்தால் தண்டை நீக்கிவிட்டு, குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து டம்ளரால் மூடி ராத்திரி விட்டால் தூள் இறங்கியிருக்கும். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம். பச்சை இறங்கினால் குப்பைக்கு.

வெள்ளிக்காசைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கறுக்கிறதா என்று பார்ப்பது, பூண்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, பூச்சி தின்றால் நல்ல காளான் என்பது, இவை எதையும் நம்பாதீர்கள். அமானிட்டாவின் நஞ்சு காசைக் கறுக்கவைக்காது, பூச்சியை விரட்டாது, எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. தின்று ஆறு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஒன்றுமே தெரியாது. அப்புறம் வயிற்றுப்போக்கு வரும், ஒரு நாள் தெளிந்த மாதிரி இருக்கும், அதற்குள் ஈரல் போயிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஏழைக் குடும்பங்கள். அந்தச் செய்தி வந்த பிறகு என்னிடம் வாங்குகிறவர்களும் கொஞ்ச நாள் தயங்கினார்கள். தயங்கட்டும். தயங்காமல் வாங்குகிறவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

"அக்கா, எங்க வீட்டுக் கொல்லையில மொளச்சிருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்று பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். பார்ப்பேன், ஆனால் "சாப்பிடலாம்" என்று சொன்னதில்லை. பையில் கசங்கி, அடி அறுந்து, எந்த மண்ணில் முளைத்தது என்று தெரியாமல் வருகிற காளானுக்கு யாரும் நற்சான்று கொடுக்க முடியாது. "தெரியலைனா வேண்டாம்ப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும், நான் விற்பதற்காகச் சொல்கிறேன் என்று. வந்துவிட்டுப் போகட்டும்.

என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரு சைக்கிள் தூரத்துக்குள் இருப்பவர்கள். கிராமியப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறவர்கள், அம்பாத்துரையில் ரயிலேறும் ஆட்கள், தறிக்காரர்கள், டீக்கடைக்காரர். முந்தைய நாள் மழை பெய்தால் விடியற்காலையிலேயே போன் வந்துவிடும்: "அக்கா, இன்னைக்கு இருக்கா?" புரட்டாசியில் கறி சாப்பிடாதவர்கள் சனிக்கிழமைக்குச் சொல்லி வைப்பார்கள். காளானும் கறிதான் என்று வீட்டுக்குள்ளேயே விடாத குடும்பங்களும் உண்டு. எதிரெதிர் வீடுகளில் இரண்டு விதமும் பார்த்திருக்கிறேன். விலையைக் கோழிக்கறிக்கு மேலே, ஆட்டுக்கறிக்குக் கீழே வைப்பது என் பழக்கம். பெட்டியின் அடியில் வாழை இலை, மேலே ஈரத்துணி. பாலிதீன் பையில் போட்டால் வியர்த்து அரை மணியில் கொழகொழத்துவிடும். கழுவிக் கொடுப்பதும் இல்லை, கழுவினால் பொழுது தாங்காது.

புதிதாக வாங்குகிறவருக்கு நூறு கிராமுக்கு மேல் தரமாட்டேன். நல்ல காளானே சிலருடைய வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. "கொஞ்சமா சாப்பிட்டுப் பாருங்க, நல்லா வேகவைங்க, ஒரு காளானச் சமைக்காம பிரிட்ஜில எடுத்து வைங்க" என்பேன். ஏதாவது ஆனால் டாக்டரிடம் காட்டுவதற்கு அந்த ஒன்று வேண்டும். வியாபாரம் பேசும் நேரத்தில் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிறாளே என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அடுத்த மழைக்கு அவர்களே வந்து நிற்பார்கள். சமையலுக்கு நான் சொல்லும் வழி எளிது: நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், காளான் விட்ட நீரிலேயே வெந்து வற்றியதும் தட்டிய மிளகு. திண்டுக்கல் ஆட்கள் சீரகச் சம்பாவில் பிரியாணி போடாமல் விடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். தெர்மாகோல் பெட்டி, ஐஸ், வேன் எல்லாம் அவரிடம் இருந்தது. எவ்வளவு எடுத்தாலும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், விலையும் என்னுடையதைவிட மேல். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு சிலர் ஒத்துக்கொண்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், மழைக்காலத்தில் கூலிவேலை கிடைக்காத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எடைக்குக் காசு என்றதும் வேரோடு எடுத்தால் எடை கூடும் என்று கடப்பாரை வந்தது. விரிந்தது, விரியாதது என்ற கணக்குப் போனது. அந்தப் பருவம் முடிவதற்குள் நான்கைந்து புற்றுகள் குடைந்து கிடந்தன. அடுத்த மழைக்கு அவற்றில் ஒன்றும் வரவில்லை, வியாபாரியும் வரவில்லை.

ஜே.சி. குமரப்பா, மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தைக் கழித்தவர், பொருளாதாரத்தை இயற்கையிலிருந்தே உதாரணம் எடுத்து வகை பிரித்துக் காட்டினார் என்று வாடிக்கையாளரான ஒரு பேராசிரியர் சொன்னார். தான் எதுவும் போடாமல் தோப்பைச் சூறையாடும் குரங்கின் வழி ஒன்று, எடுக்கும்போதே பூவுக்கும் உதவும் தேனீயின் வழி ஒன்று. தேனீ அளவுக்கு நான் உதவுகிறேன் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். குழியை மூடுவதும் விரிந்ததை விடுவதும் என்னால் ஆனது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது இருந்த எண்ணமும் கிராமம் தன் காலில் நிற்க வேண்டும் என்பதுதானே. தன் காலில் நிற்கும் கிராமத்துக்குத் தன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜாம்பியா நாட்டில் ஒரு மீட்டர் அகலம் வரை குடை விரிக்கும் புற்றுக்காளான் இருக்கிறதாம். மழைக்காலத்தில் அதையும் சாலையோரம் நின்றுதான் விற்கிறார்கள். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் இதே இனம் பெரிய விலை போகிறது. இவ்வளவு கிராக்கி இருந்தும், கரையான் இல்லாமல் கொட்டகையில் வைத்துச் சந்தைக்கு ஆகும் அளவில் இதை வளர்க்கும் வழி பிடிபடவில்லை. மற்றக் காளான்கள் அப்படியில்லை. இன்று கடையில் கிடைக்கும் பால் காளான் 1974-ல் மேற்கு வங்கத்தில் காட்டுக்காளானாக விவரிக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் அதை ஏ.பி.கே-2 என்ற பெயரில் பயிர் ரகமாக வெளியிட்டது, அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பு அது. வெயில் தாங்கும் காளான் என்பதால் எங்கள் சமவெளிக்குப் பொருத்தம்.

நானும் கொட்டகை போட்டேன். வைக்கோலை வேகவைத்து, படுக்கை கட்டி, சிப்பிக்காளான் வளர்த்து 200 கிராம் பாக்கெட் போடுகிறேன். வாங்குகிறவர்கள் மழைக்காலத்து அதே ஆட்கள். காட்டுக்காளானில் கிடைத்த நம்பிக்கை பாக்கெட்டையும் விற்றுக் கொடுக்கிறது. வருஷம் முழுக்க வருமானம் இருப்பதால், புற்று கொடுக்காத மழைக்கு அதை நோண்டிப் பார்க்க வேண்டிய நெருக்கடி எனக்கு இல்லை. புற்றைக் காப்பாற்ற நான் செய்ததில் பெரிய காரியம் இந்தக் கொட்டகைதான்.

கடப்பாரையைவிடப் பெரிய எதிரி இப்போது ஜே.சி.பி. நாலுவழிச் சாலையை ஒட்டிய தரிசுகள் பிளாட் ஆகின்றன. கல் நடுவதற்கு முன் முதலில் சமப்படுத்துவது புற்றுகளைத்தான். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. தோப்பு வைத்திருப்பவர்களிடம் மட்டும் கேட்கிறேன், மூலையில் இருக்கிற ஒரு புற்றையாவது விட்டுவையுங்கள் என்று.

கல்லூரி முடித்த பிள்ளைகள் சிலர், போனில் ஆர்டர் எடுத்து மதுரை, கோயம்புத்தூர் வரை அனுப்பலாமே அக்கா என்று கேட்கிறார்கள். கொட்டகைக் காளானைத் தாராளமாக அனுப்புங்கள், கூட வந்து பாக்கெட் போட்டுத் தருகிறேன் என்கிறேன். புற்றுக்காளானை வாங்குகிறவருக்கு என் வீடு தெரிந்திருக்க வேண்டும், அவர் வீடு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வயிறு வலித்தால் அன்றைக்கே வந்து கதவைத் தட்டக்கூடிய தூரம்தான் இந்தச் சரக்கின் சந்தை. அந்தத் தூரத்துக்குள் இருக்கும் வாய்களுக்கு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவை எங்கள் புற்றுகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.